மாமனார் இலையில் பரங்கிக்காய்

என் மூத்த மகளுக்குக் கீழ் ஈறில் இரண்டே இரண்டு பல் முளைத்திருந்த காலம் அது. அந்த இரண்டு பல்லை வைத்துக்கொண்டு அவள் என்னை ஆட்டிவைத்தது கொஞ்சநஞ்சமல்ல. தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் வாயில் வாங்க மாட்டாள். கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணீர், டின்னில் வந்த மாவு என்று ஒவ்வொன்றாகக் காய்ச்சிக் கொண்டுவருவேன். ஒவ்வொன்றையும் ஆர்வமாகப் பார்ப்பாள். கிட்டே கொண்டுபோனதும் உதட்டை இறுக மூடிக்கொள்வாள். மடியில் மல்லாக்கப் போட்டுச் சங்கில் ஊற்றினால், கொஞ்ச நேரம் வாயிலேயே அடக்கி வைத்திருந்து, நான் அப்பாடா என்று மூச்சு விடுகிற சமயம் பார்த்து என் சேலையிலேயே துப்புவாள். துப்பிவிட்டுச் சிரிப்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சிரிக்கிற பிள்ளையிடம் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

மிஞ்சிய கஞ்சியைக் கொட்ட மனம் வராது. நானே குடித்துவிடுவேன். காலையிலும் அதுதான், மத்தியானமும் அதுதான். எனக்கென்று தனியாக உலை வைக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

பிள்ளை சாப்பிடாததில் எல்லோருக்கும் கவலை இருந்தது. எனக்கு மட்டும் அதற்குள் இன்னொரு கவலையும் இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை காத்துக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு முன்னால் தற்காலிகமாகக் கொஞ்ச நாள் பாடம் நடத்தியிருந்தேன். தலைமையாசிரியர் நல்ல மனிதர். மெர்டேக்கா என்கிற சுதந்திர தினக் கொண்டாட்டம் முடிந்து மூன்றாம் தவணைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற வரை அந்த இடத்தை எனக்காக வைத்திருப்பதாகவும், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். ஏன் வேண்டும் என்று கேட்டவர்களிடமெல்லாம் வேறு வேறு காரணம் சொன்னேன். உண்மையான காரணம், எனக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

என் கணவர் டவுனில் ஒரு ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. குறுக்கே நிற்கிற ஆளில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார்.

“நீ போறதுக்கு நான் வேணாம்னா சொன்னேன்? காலையில போனா மத்தியானந்தான் வருவ. அதுவரைக்கும் பிள்ள என்னா சாப்புடும், அதச் சொல்லு.”

கிளினிக்கில் எடை போட்டுப் பார்த்த நர்ஸ் மிஸ்ஸியும் பாலை மட்டும் நம்பிக்கொண்டிருந்தால் இனி ஆகாது என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டாள்.

நாங்கள் அப்போது மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செட்டி குடும்பம். மலாக்காவில் செட்டி என்றால் எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே ஊறிப்போனவர்கள். கும்பிடுவது நம் சாமி. கட்டுவது கைலி போன்ற சாரோங்கும் கெபாயாச் சட்டையும். பேசுவது மலாய். ஆனால் உறவுமுறை மட்டும் நம்முடையதுதான். அந்த வீட்டு மருமகள் என்னைத் தங்கச்சி என்றாள், நான் அவளை அக்கா என்றேன். மற்றதெல்லாம் மலாய்தான். அவள் பேசியதை என் காதில் விழுந்தபடி இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அடக்கம் என்பது அவள் இருந்த தெருப் பக்கமே வந்ததில்லை. உரக்கப் பேசுவாள், உரக்கச் சிரிப்பாள். தன் சமையலைத் தானே புகழ்ந்துகொள்வாள். மார்பில் மூன்று தங்க ஊசி குத்தாமல் வாசலுக்கு வர மாட்டாள். அவளுக்கு என் மகளைவிடச் சற்று மூத்த ஒரு மகன், நாலு பல்லோடு கொழுகொழு என்று இருப்பான். தினமும் வேலிக்கு மேல் தலை நீட்டி, “புடாக் சுடா மக்கான்?” என்பாள். பிள்ளை சாப்பிட்டதா என்று. பால்காரர் கேட்பார், கோயில் பூசாரி கேட்பார், புக்கிட் ரம்பாயிலிருந்து சைக்கிளில் வரும் என் கணவரின் தம்பி வண்டியை நிறுத்துவதற்குள் கேட்பார். பிள்ளை சாப்பிட்டதா, பிள்ளை சாப்பிட்டதா.

பழ சீசன் வந்தது. செட்டி வீடுகளில் அந்தச் சமயத்தில் இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். பார்ச்சு என்பார்கள். வாழை இலைகளைத் தரையில் வரிசையாகப் போட்டு, ரம்புத்தான், லங்சாட், மங்குஸ்தீன் என்று அந்தப் பருவத்துப் பழங்களை வைப்பார்கள். அந்த அக்கா வீட்டில் அதோடு, போனவர்கள் உயிரோடு இருந்தபோது எதை விரும்பிச் சாப்பிட்டார்களோ அதையும் சமைத்து வைப்பது வழக்கம். சாம்பிராணி போட்டுக் கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் வந்து சாப்பிடும்வரை உள்ளே ஒருவரும் போகக்கூடாது. நம் வீட்டுப் படையலும் இப்படித்தானே என்பதால் எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

அந்த வருஷம் தேங்காய் துருவிக் கொடுக்க நான் போயிருந்தேன். வரிசையில் முதல் இலை அவளுடைய மாமனாருக்கு. அந்த மனிதர் சாப்பிட உட்கார்ந்தால் வீடே மூச்சுவிடாதாம். அவர் தட்டைத் தொட ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாதாம். கடைசிக் காலத்தில் பல்லெல்லாம் கொட்டிப்போனது, அதிகாரம் மட்டும் கொட்டவில்லை என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். அதனால் அவர் இலைக்கு மட்டும் எல்லாம் மெத்தென்று இருக்கும். தேங்காய்ப்பாலில் வெந்த பரங்கிக்காய் நீள நீளத் துண்டுகளாக, குழைந்த சோறு, முள் எடுத்த குராவ் மீன். காரமும் உப்பும் அவருக்கு ஆகாது என்று வைத்தியர் சொல்லியிருந்தாராம். இறந்த பிறகும் அந்தப் பத்தியத்தை அவள் மீறவில்லை.

கும்பிட்டு முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் முன்வாசலில் வந்து நின்றோம். பிள்ளைகள் இரண்டும் பின்கட்டில் பாயில் விளையாடிக்கொண்டிருந்தன. அக்காவின் நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள் என்று நான் நினைத்தேன். நாத்தனார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். அவளும் என் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. பின்பக்கம் ஓடினோம். பையன் மட்டும் பாயில் இருந்தான். படையல் அறைக்குப் பின்பக்கம் ஒரு வாசல் உண்டு, அதற்குக் கதவு கிடையாது, திரைதான். திரை ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே என் மகள் மாமனார் இலைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் பரங்கிக்காய். வாயிலும் பரங்கிக்காய். கன்னம், மூக்கு, புருவம் வரைக்கும் மஞ்சள். கடித்தாள், ஈறால் நசுக்கினாள், விழுங்கினாள். விழுங்கிவிட்டு அடுத்த வாய்க்குப் போனாள்.

அடுத்தவர் வீட்டு முன்னோருக்கு வைத்த இலை. முதல் இலை. அதுவும் யாரும் தொடத் துணியாத மனிதரின் இலை. பாய்ந்து பிள்ளையைத் தூக்கப் போனேன்.

அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவள் என்னைத் தாண்டி உள்ளே போய் முதலில் செய்த காரியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. பிள்ளையின் வாயைக் குனிந்து பார்த்தாள். பக்கத்து இலையில் குவித்திருந்த லங்சாட்டையும் ரம்புத்தானையும் சத்தமில்லாமல் இழுத்துத் தூரத் தள்ளினாள். தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும் அளவுக்கு இருந்த எல்லாம் தூரப் போயிற்று. பரங்கிக்காயை மட்டும் அப்படியே விட்டாள். பிறகு கெபாயா கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் பிள்ளைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் வாயில் கை வைத்துக்கொண்டாள். “அப்பா இலை! எல்லாம் எச்சிலாப் போச்சு!”

“சத்தம் போடாதே. சாப்பிடுற பிள்ளை.”

“அப்பா என்ன நினைப்பாரு?”

“அவருக்கும் பல்லில்லை, இதுக்கும் பல்லில்லை. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணியிருப்பாங்க,” என்றாள் அக்கா. “எவ்வளவு காலமா இந்த இலையைப் போடுறேன், அப்படியே வெச்சது வெச்சபடி இருக்கும். இன்னைக்குத்தான் சமைச்சவளுக்கு ஒரு சந்தோஷம்.”

சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. பிள்ளை போதும் என்று இலையைத் தட்டிவிட்ட பிறகு, தரையைத் துடைத்து, குளித்து, வேறு சாரோங் மாற்றி, அடுப்பைத் திரும்பவும் பற்றவைத்தாள். இன்னொரு பரங்கிக்காயை அரிந்தாள். நான் இன்னொரு தேங்காயைத் துருவினேன். மாமனாருக்குப் புது இலை, புதுச் சோறு, புது மீன். திரும்பவும் சாம்பிராணி. ஒரு முணுமுணுப்பு இல்லை. உயிரோடு இருந்த பிள்ளைக்கும் குறை வைக்கவில்லை, போன மனிதருக்கும் குறை வைக்கவில்லை. எத்தனையோ படித்தவர்களையும் பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரே மத்தியானத்தில் இந்த இரண்டையும் இவ்வளவு லேசாகச் செய்த வேறொரு ஆளை நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் ஆசையாகப் பரங்கிக்காயை வேகவைத்து, மசித்து, மடியில் போட்டு ஊட்டினேன். உதடு மூடிக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“நேத்து உன் மகளுக்கு யாராவது ஊட்டினாங்களா? அவ கையில கொடு. உட்கார வை. உனக்கு யாராவது மல்லாக்கப் போட்டுச் சோறு ஊத்தினா நீ தின்னுவியா?”

அவளுக்கும் அது அதற்கு முன்னால் தெரியாது. முந்தின நாள் எதிரே உட்கார்ந்து பார்த்ததில் பிடித்துக்கொண்டாள். தெரியாததைத் தெரிந்தது போல் அதட்டிச் சொல்வதில் அவளுக்கு நிகர் அவள்தான். ஆனால் சொன்னது சரியாக இருந்தது. இலைத் துண்டு ஒன்றைப் பாயில் போட்டு, பிள்ளையை நேராக உட்காரவைத்து, விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு வைத்தோம். எடுத்தாள். தின்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அதிலிருந்து பள்ளிக்கூடம் திறக்கிற வரை அவள் அடுப்படிதான் எனக்கும் அடுப்படி. எதைப் பிள்ளைக்குக் கொடுப்பது, எதைக் கொடுக்கக்கூடாது என்று தீர்மானிக்க அவளிடம் ஒரு முறை இருந்தது. உதடுகளை உள்ளே மடித்துப் பல்லை மறைத்துக்கொள்வாள். பல்லுப்போன கிழவி மாதிரி ஆகிவிடும் அந்த அழகான முகம். அந்த வாயால் துண்டைக் கடித்துப் பார்ப்பாள். நசுங்கினால் பிள்ளைக்கு. நசுங்காவிட்டால் திரும்பப் பானைக்கு. தங்க ஊசியெல்லாம் குத்திக்கொண்டு, பொக்கை வாயோடு அவள் கேரட்டைக் கடிப்பதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அவளுக்குக் கோபமே வராது. “நீயும் செய்து பார்,” என்பாள். செய்தேன். இன்றும் செய்கிறேன்.

ஒரே பண்டத்தைத் தொடர்ந்து கொடுக்க அவளுக்குப் பிடிக்காது. ஒரு நாள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஒரு நாள் ஆவியில் வெந்த தௌஹூ என்கிற சோயாக்கட்டி. ஒரு நாள் மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவிட்ட முட்டையடையை நீளவாக்கில் அரிந்தது. கனிந்த பப்பாளியை வழுக்காமல் பிடிக்க நொறுக்கிய பிஸ்கட் தூளில் புரட்டிக் கொடுப்பாள். மீன் என்றால் உள்ளங்கையில் உதிர்த்துப்போட்டு விரலால் தடவித் தடவி முள் பார்ப்பாள். பார்த்து முடித்ததை என் கையில் போட்டு என்னையும் பார்க்கச் சொல்வாள். வீட்டுக்கு வைக்கிற குழம்பில் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் உப்பும் விழுவதற்கு முன்னால் பிள்ளைகளின் பங்கு தனியாக வெளியே வந்துவிடும்.

என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. இட்லியை விரல் கனத்துக்கு அரிந்து பருப்பு ரசத்தில் தோய்த்துக் கொண்டுபோனேன். உதட்டை மடித்துக் கடித்துப் பார்த்தவள் கண்ணை அகல விரித்தாள். “இதைச் செய்யத் தெரிஞ்ச நீயா கஞ்சியை வெச்சிக்கிட்டு அழுதே?” என்றாள். அவள் மகன் பிற்பாடு இட்லி இல்லாமல் சாப்பிட உட்கார மாட்டேன் என்று அவளைப் பாடாய்ப் படுத்தினான். எனக்கு அதில் உள்ளூர ஒரு திருப்தி.

பிள்ளைகள் சாப்பிடும்போது அவள் எழுந்திருக்கவே மாட்டாள். வாசலில் காய்கறிக்காரர் கத்திக் கத்திப் போய்விடுவார். ஒரு நாள் என் மகள் கிழங்கைப் பெரிதாகக் கடித்துவிட்டு முகம் சிவக்கக் குமட்டினாள். நான் அலறிக்கொண்டு எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் மட்டும் பிள்ளையை விட்டு நகரவில்லை.

“இருமுறா பார், சத்தம் வருது இல்ல? அவளே வெளிய தள்ளுவா. சத்தம் நின்னாத்தான் பயம்.”

பிள்ளை இருமித் துண்டை வெளியே தள்ளிவிட்டு, அதையே எடுத்துத் திரும்பவும் வாயில் வைத்தாள். அக்காவும் பயந்துதான் இருந்திருக்க வேண்டும். என் கையை வெகுநேரம் அவள் விடவில்லை.

இன்னொரு நாள் என் கணவர் மகள் சாப்பிடும் சந்தோஷத்தில் டவுனிலிருந்து வறுத்த கச்சான் கடலையும் புளூட் அரிசிப் பலகாரமுமாக ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். பிள்ளை கையில் கடலையை வைக்கப் போனவர், வேலிக்கு அப்பாலிருந்து அக்கா விட்ட சத்தத்தில் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டார். கடலை கூடாது, ஜவ்வரிசி கூடாது, ஒட்டுகிற புளூட் பலகாரம் கூடாது என்று மலாயில் பொழிந்து தள்ளினாள். ஆபீஸில் துரைக்கே பதில் சொல்கிற மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

“யம்மா, இந்த அம்மா கிட்ட பிள்ளைய விட்டுட்டு நீ தைரியமா வேலைக்குப் போலாம்,” என்றார் அன்று சாயங்காலம். நான் கேட்காமலேயே வந்த பதில் அது.

மெர்டேக்கா வந்தது. தெருவெல்லாம் கொடி, தென்னோலைத் தோரணம். எல்லா வீட்டு ரேடியோவும் ஒரே குரலில் முழங்கியது. நாடே கூத்தாடியது. நான் பள்ளிக்கூடம் திறக்கும் நாளை எண்ணிப் பயந்துகொண்டிருந்தேன். நான் பக்கத்தில் இருக்கும்போது சாப்பிடுகிற பிள்ளை, நான் இல்லாவிட்டாலும் சாப்பிடுமா? சாப்பிடாவிட்டால் முதல் நாளே வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை பிள்ளையை வேலிக்கு மேலேயே கை மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. பால் கட்டி மார்பு கனத்தது. மணி அடித்ததும் வாடிப்போன தோரணங்களுக்கு அடியில் ஓடாத குறையாக வந்தேன். வேலிப் பக்கம் வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அழுகைச் சத்தம் இல்லை. அதுவும் பயமாக இருந்தது.

பின்கட்டில் பாய் விரித்திருந்தது. இரண்டு சின்ன இலை. பையன் முன்னால் இட்லித் துண்டு. என் மகள் முன்னால் குராவ் மீனும் பரங்கிக்காயும். வாய் நிறைய வைத்துக்கொண்டு, அடுத்த துண்டை எந்தக் கையால் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நான் வந்து நின்றதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எத்தனை மாதமாக இதற்காக வேண்டியிருப்பேன்! நிலையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். வேலை நிலைத்துவிட்டது என்ற சந்தோஷமா, நான் இல்லாமலும் இவள் இருந்துகொள்வாள் என்ற வலியா, இரண்டும்தான்.

அக்கா இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பிடும் பிள்ளைகள் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“தங்கச்சி, நீ சாப்பிட்டியா?”

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டே நெடுநாளாயிற்று. பாயின் ஓரத்தில் மூன்றாவதாக ஒரு பெரிய இலை, மேலே இன்னொரு இலை கவிழ்த்து மூடியிருந்தது. கண்ணாலேயே அதைக் காட்டினாள். திறந்தேன். மொறுமொறு என்று பொரித்த மீன், வெள்ளரிக்காய், பெலாச்சான் சம்பல், அப்பளம் மாதிரி பொரித்த கெரோப்போக். மாதக்கணக்கில் பிள்ளையின் மிச்சக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்த எனக்கு வாய் நிறையப் பல் இருப்பது அந்த இலையைப் பார்த்துத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

உட்கார்ந்து கெரோப்போக்கைக் கடித்தேன். அந்தச் சத்தத்துக்குத்தான் என் மகள் முதன்முதலாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மஞ்சள் கையோடு தவழ்ந்து வந்து என் இலையில் கை வைக்கப் போனாள். அக்கா எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்கில்லை,” என்றாள் அவளிடம். “இது உன் அம்மாவுக்கு.”